கடித்த ரொட்டி

“அந்த வீட்டில் முழு ரொட்டிக்கா பஞ்சம்? மகன் கடித்துப் போட்ட எச்சில் ரொட்டியை ஆணியில் மாட்டி அழகு பார்க்கிறாள் ஒரு தாய். இது ஒரு போர்ப் படமாம். ஒரு நட்சத்திரம்.”

எழுதியவன் பெயர்: தாஷ்கந்துக்காரன்.

ஹோசியத் கேரட் அரிவதை நிறுத்திவிட்டு, போனில் இருந்ததை உரக்கப் படித்தாள்.

“கேட்டீங்களா, ஓய்தின் அப்பா?”

“கேட்டேன்,” என்றார் எர்காஷ், காலணியைக் கழற்றியபடி.

“நம்ம மண்ணுல பொறந்தவன் எழுதுற எழுத்தா இது? பட்டாளத்துக்குப் போற பிள்ளை ஒரு கடி கடிச்சுட்டுப் போவான். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னணும்னு தாய்க்காரி மாட்டி வைப்பா. தலைநகரத்துல பொட்டலத்து ரொட்டியைத் தின்னு தின்னு இவன் மூளையில பூஞ்சை பிடிச்சுப் போச்சு.”

“தாஷ்கந்துல அப்படித்தான் இருப்பாங்க.”

“உங்களுக்குக் கோபமே வராதா? அது உங்க அம்மா மாட்டின ரொட்டி. நீங்க கடிச்சது. நீங்க சொன்ன கதையைத்தானே பொண்ணு படத்துல வெச்சா?”

எர்காஷ் தேநீர் ஊற்றிக்கொண்டார். மார்கிலான் சந்தையில் முலாம்பழம் விற்பவர் வீட்டில் வாயைத் திறப்பதற்குக் கூலி கேட்பார் போலிருக்கிறது.

அது அவர்கள் மகள் ஓய்தின் இயக்கிய முதல் படம். ஐந்து வருட உழைப்பு. நானூறு குதிரைகள், ஒரு கோட்டை முற்றுகை. தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. ஓடியது என்பதே மரியாதைக்குச் சொல்வது. இப்போது வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் விட்டிருந்தார்கள். பத்து நாளில் ஐம்பதாயிரம் பேர் பார்த்தால்தான் இரண்டாம் பாகம். இல்லையென்றால் முற்றுகையில் சிக்கிய பையன் கோட்டைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ரொட்டியும் ஆணியிலேயே.

முதல் மூன்று நாளில் பார்த்தவர்கள் ஆயிரத்து இருநூறு. அதில் பாதி சொந்தக்காரர்கள்.

சின்ன வயதில் ஓய்தின் சொன்ன ஒரு பொய்க்காக அவளை மதியம் முழுக்கப் பட்டினி போட்டவள் ஹோசியத். அவளே எட்டுப் பொய்ப் பெயர்களில் எட்டு முறை ஐந்து நட்சத்திரம் போட்டாள். எட்டுப் பேரும் “மிக அருமையான படம்” என்றே எழுதினார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் வந்தான் தாஷ்கந்துக்காரன்.

அன்றிலிருந்து ஹோசியத்துக்கு ஒரே வேலை. எட்டுப் பெயரிலும் மாறி மாறி அவனை வறுத்தெடுத்தாள். அவனும் சளைக்கவில்லை. நமங்கானிலிருந்து ஒரு தாய் தன் வீட்டுச் சுவரைப் படம் பிடித்துப் போட்டாள்: “என் பிள்ளை கடித்த ரொட்டி. வந்து பார்த்துவிட்டு எச்சில் என்று சொல்.” அதற்கும் அந்தத் தடியன், “கரப்பான்பூச்சிக்கு நல்ல விருந்து” என்று பதில் போட்டான். ஒரு லாரி ஓட்டுநர் அவன் முகவரி கேட்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஓய்தின் போன் செய்தாள்.

“அம்மா, நாற்பத்தாறாயிரம். ரொட்டி எங்கே வருதுன்னு பார்க்கத்தான் உள்ளே வர்றாங்க. அப்புறம் எழுந்திருக்க முடியாம கடைசி வரைக்கும் பார்க்கிறாங்க. நாளைக்குத்தான் கெடு.”

“எல்லாம் என் எட்டு அபிப்பிராயத்தால. அந்தத் தாஷ்கந்துக்காரன் மட்டும் கையில கிடைச்சான்னா…”

“விடும்மா.”

“விடறதாவது. உங்கப்பாவைச் சொல்லணும். அஞ்சாறு நாளா விடிஞ்சா கல்லறைக்குப் போயிடறார். செத்துப்போன அம்மாவோட தினமும் பேச நேரம் இருக்கு. உயிரோட இருக்கிற பொண்ணுக்காக ஒரு வரி எழுதக் கை வரலை.”

எர்காஷ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழம் எடுக்கப் பின்கட்டுக்குப் போனார்.

ஹோசியத் போனை வைத்த கையோடு தட்டினாள்: “உன் தாய் உனக்கு ஊட்டியது ரொட்டியா, வைக்கோலா?”

அனுப்பினாள்.

கோட்டுப் பையில் அவர் போன் ‘டிங்’ என்றது.

யாராவது பழ வியாபாரியாக இருக்கும்.

“பதில் சொல்லடா, கோழை.”

‘டிங்.’

ஹோசியத் கோட்டைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தபடியே ஒரே ஒரு சொல் அனுப்பினாள்: “கழுதை.”

‘டிங்.’

வாசற்படியில் முலாம்பழத்தோடு எர்காஷ் நின்றார்.

“நீங்களா?”

அவர் பழத்தை மேசையில் வைத்தார். “தேன் மாதிரி இருக்குன்னு முப்பது வருஷமாச் சந்தையில கத்தறேன். எவன் திரும்பறான்? பூசணிக்காய் மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சண்டைக்கு வரட்டும். பத்துப் பேர் தின்னு பார்த்துட்டு அவனை உதைக்க வருவாங்க. தின்ன பத்துப் பேரும் வாங்கிட்டுப் போவாங்க.”

“அதுக்காக… உங்க அம்மா ரொட்டியையா?”

“வேற எதைச் சொன்னா ஊரே கொதிக்கும்?”

ஹோசியத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எர்காஷ் கத்தியை எடுத்துப் பழத்தைக் கீறினார்.

“இன்னும் நாலாயிரம் பேர் வேணும். அந்தப் பையன் வீடு திரும்பி மிச்ச ரொட்டியைத் தின்னணும். நீ நல்லா உறைக்கிற மாதிரித் திட்டு,” என்றார். “எங்கம்மாகிட்ட தினமும் காலையில மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கடை திறக்கறேன்.”