கன்ட்ரோல் எஸ்

எதை அடித்தாலும் உடனே கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமிப்பது ஜெரால்டின் பழக்கம். அலுவலகத்தில் எல்லோரும் வேலை செய்யும் யூனிக்ஸ் சர்வரின் கறுப்புத் திரையிலும் அழுத்தினான். திரை உறைந்துவிட்டது. எதைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் விழவில்லை. எப்படியும் ஏறப்போவதில்லை என்ற தைரியத்தில், எரிச்சலில், கோப்புகள் மொத்தத்தையும் அழிக்கும் கட்டளையை அடித்து என்டரும் தட்டினான். அதுவும் விழவில்லை. பக்கத்து இருக்கைப் பூங்கோதையைக் கூப்பிட்டான்.

“கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. கன்ட்ரோல் எஸ் இங்க சேமிக்காது, திரையை நிறுத்திவைக்கும். நீங்க அடிச்சதெல்லாம் உள்ள வரிசையில நிக்குது. கன்ட்ரோல் க்யூ அழுத்தினா ஒண்ணொண்ணா ஓடும்.”

அவள் கை நீண்டது. அவன் கீபோர்டை வாரி மார்போடு அணைத்துக்கொண்டான்.

“குடுங்க ஜெரால்டு. என் வேலையும் அந்த சர்வர்லதான் இருக்கு.”

அவன் மூச்சை அடக்கினான். மார்பில் எந்தெந்த விசைகள் அழுந்துகின்றன என்று தெரியவில்லை.