கிலோவுக்கு எத்தனை வாட்?

"ஊசி போட்ட தழும்பை மறைக்கத்தான் முழுக்கைச் சட்டை. வேற எதுக்கு, இந்த வெயில்ல?" என்றார் மேனேஜர்.

சைக்கிள் அணியின் பஸ்ஸில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. வெளியே, மலைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவனை நிருபர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, அவனைத் திருடன் என்று நிரூபிக்கும் வேலை அக்காவின் தலையில் விழுந்திருந்தது.

அணியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வீரர்கள் மலையேறும்போது ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் சக்தி செலவழிக்கிறார்கள் என்று கணக்குப் போடுவது அவள் உத்தியோகம். ஜெயித்தவனுக்கு மட்டும் அவள் கூடப்பிறந்த அக்கா.

"தம்பின்னு பார்க்காதம்மா. மலையோட உயரம் இருக்கு, ஏறின நேரம் இருக்கு. கணக்கைப் போடு."

போட்டாள். கிலோவுக்கு ஆறு புள்ளி நான்கு வாட். போன மாதம் வரை ஐந்தரையைத் தொடவே நாக்குத் தள்ளியவன்.

"பார்த்தியா? சீசன் முடிஞ்சதும் இவனை அனுப்பிடலாம்னு நான் பேசினது அவன் காதுக்குப் போயிருக்கு. உடனே றெக்கை முளைச்சிடுச்சு. டாக்டர், என்ன மருந்தா இருக்கும்?"

"ரத்தம் எடுத்தாத்தான் தெரியும்," என்றார் டாக்டர். அவருக்கு எதுவுமே ரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

கழுத்தில் பதக்கத்தோடு தம்பி பஸ்ஸுக்குள் ஏறினான். மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் அவன் சிரிப்பு காணாமல் போனது.

"சத்தியமா நான் எதுவும் போட்டுக்கலக்கா."

"அப்போ சட்டைக் கையை மடிச்சுக் காட்டு," என்றார் மேனேஜர்.

"குளிருது சார்."

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பின்னால போய் உட்காருடா," என்றாள் அக்கா. அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், தம்பி இனி ஆயுசுக்கும் பந்தயச் சைக்கிளைத் தொட முடியாது. எழுதாவிட்டால், இத்தனை வருஷம் அவள் போட்ட கணக்கையெல்லாம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மனசு கேட்காமல், தம்பியின் சைக்கிள் மிதியில் பொருத்தியிருந்த மீட்டரின் பதிவைத் திறந்தாள். அது ஆளின் எடையைப் பார்க்காது. கால்கள் மொத்தமாக எத்தனை வாட் மிதித்தன என்று மட்டும் சொல்லும். முந்நூற்று முப்பத்து மூன்று. போன மாதமும் கிட்டத்தட்ட அதேதான்.

"மருந்து போட்டிருந்தா கால்ல பலம் கூடியிருக்கணுமே சார்?"

"மீட்டரையும் ஏமாத்தியிருப்பான். சரியான கில்லாடி!"

தினமும் காலையில் வீரர்கள் அவரவர் அறையில் எடை பார்த்து, அவரவரே அக்காவுக்குப் போனில் அனுப்புவது வழக்கம். யாரும் சரிபார்ப்பதில்லை. தம்பி ஒரு மாதமாகத் தவறாமல் அறுபது கிலோ என்றே அனுப்பிக்கொண்டிருந்தான், ஒரு நாள்கூட முன்னே பின்னே இல்லாமல்.

அக்கா அந்த அறுபதை ஒதுக்கிவிட்டு, மீட்டர் சொன்ன முந்நூற்று முப்பத்து மூன்றை மலைக் கணக்கு சொன்ன ஆறு புள்ளி நான்கால் வகுத்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் வகுத்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுது என்னம்மா பிரயோஜனம்? என்ன மருந்து, அதைச் சொல்லு," என்றார் மேனேஜர்.

"மருந்தே இல்ல சார். வாட் ஏறல, எடைதான் இறங்கியிருக்கு. அறுபது இல்ல, ஐம்பத்திரண்டு."

"அதெப்படி?"

"என் தம்பி பட்டினி கிடக்குறான் சார்."