லாசருக்குப் பட்டம்

“பைபிளைத் திக்காம வாசிக்கத் தெரியாதவனுக்குப் போயி பட்டமா?”

பெலவேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி பிலோமினா, “மெதுவாப் பேசுங்க. கோயில்ல இருக்கோம்” என்றாள். முன்னால் நின்ற அவர்களுடைய இரண்டு சின்னப் பெண்களும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பீடத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டியிருந்த அந்தப் பங்குக் கோயிலில் அன்று நிற்க இடமில்லை. கல்யாணமாகிக் குடும்பத்தோடு வாழ்கிற ஒருவரை, சாமியாருக்கு அடுத்த நிலையில் நின்று பூசையில் உதவும் நிரந்தரத் திருத்தொண்டராக ஆயர் திருநிலைப்படுத்துவது அங்கே அதுதான் முதல்முறை. 2006ஆம் வருஷத்து மே மாத வெயிலையும் பார்க்காமல் மத்தூரிலிருந்துகூட வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பட்டம் பெறுபவன் லாசர். பெலவேந்திரனோடு ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன். மூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போய்த்தான் அதற்கான வகுப்பைப் படித்தார்கள். எல்லாப் பரீட்சையிலும் பெலவேந்திரன்தான் முதல். ஆனால் கடைசியில் பங்குத்தந்தை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு வேண்டாம், பெலவேந்திரா. காரணம் மட்டும் கேக்காத” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து லாசர் சிரிப்பதைப் பார்த்தாலே இவனுக்கு வயிறு எரிந்தது.

“வீட்டுல தெலுங்கு பேசறவன். ‘ஞானம்’னு சொல்லச் சொன்னா ‘நானம்’ங்கறான். என்னைய விட அவன் எதுல ஒசத்தி?”

பிலோமினா குனிந்து சின்னவளின் பின்னலைச் சரிசெய்தாள்.

ஆயர் லாசரின் தலைமேல் கைகளை வைத்துச் செபித்தார். லாசரின் மனைவி ரோசம்மாள் புது உடைகளைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு பீடத்துக்கு நடந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம். இடது தோளிலிருந்து குறுக்காகத் தோள்துண்டு அணிந்து லாசர் திரும்பி நின்றபோது கோயிலே கைதட்டியது. பெலவேந்திரனின் கைகள் பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தன. லாசர் நின்ற இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்தான். தாம்பாளத்தோடு பிலோமினாவை நடக்கவிட்டுப் பார்த்தான். நெஞ்சு இன்னும் எரிந்தது.

திரும்பினால், அவள் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாரும் நிக்கறாங்க. நீ என்னாத்துக்கு உக்காந்துட்ட?”

“காலு வலிக்குதுங்க.”

பூசை முடிந்ததும் வெளியே பந்தலில் சாப்பாடு. ஆசீர்வாதம் கேட்டு வரிசையில் நின்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு லாசர் நேராக இவனிடம் வந்து, தோளில் கை வைத்தான்.

“ரெண்டு பேரும் ஒண்ணா நிக்க வேண்டிய நாளுடா இது. எனக்கு மனசே ஆறல.”

பெலவேந்திரன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

“நடிக்காத! ஃபாதர்கிட்ட என்னைப் பத்தி என்னா போட்டுக் குடுத்த? குடிக்கறான்னு சொன்னியா? யூனியன்ல சண்டை போடறான்னு சொன்னியா?”

“ஐயோ, நான் எதுக்குடா அப்பிடிச் சொல்லப் போறேன்...”

“இனிமே என்கூடப் பேசாத. செத்தாலும் என் வீட்டு வாசப்படி மிதிக்காத!”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லாசரின் கண்கள் கலங்கிவிட்டன. பிலோமினா கணவனின் கையைப் பிடித்துக் கோயிலின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அந்த அண்ணன் மேல பழி போடாதீங்க. ஃபாதர்கிட்ட வேணாம்னு சொன்னது நான்.”

அவன் கையை உதறிக்கொண்டான்.

“பட்டம் குடுக்கறதுக்கு முன்னால பொண்டாட்டியத் தனியாக் கூப்பிட்டு சம்மதம் கேப்பாங்க இல்ல? நான் சம்மதிக்கல. உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு நான்தான் ஃபாதரக் கேட்டுக்கிட்டேன்.”

“அடிப்பாவி! மூணு வருஷம் படிச்சேனே! அந்த ரோசம்மா தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டுப் போறப்ப உனக்குத் துளிகூடப் பொறாமையா இல்லியா?”

பிலோமினா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“பட்டம் வாங்கினவங்க, பொண்டாட்டி செத்துட்டா வேற கல்யாணம் பண்ணக் கூடாதாமே. நீங்கதான வகுப்பு முடிஞ்சு வந்து சொன்னீங்க?”

“சொன்னேன். அதுக்கும் நமக்கும் என்னாடி சம்பந்தம்?”

“பெங்களூருக்கு அக்காவப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குத்தாங்க போய்க்கிட்டிருந்தேன். கேன்சராம். ஈரல் வரைக்கும் பரவிடுச்சாம். இந்தக் கிறிஸ்மஸைப் பாக்கறதே கஷ்டம்னுட்டாங்க.”

பந்தல் பக்கமிருந்து அவர்களுடைய பெண்கள் ஓடி விளையாடும் சத்தம் கேட்டது. பிலோமினா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறாமையா இல்லியான்னு கேட்டீங்களே, இருக்குதுங்க. ரோசம்மா மேல இல்ல. எனக்கப்புறம் நம்ம புள்ளைங்களுக்குத் தலை பின்னிவிடப் போறாளே, அவ மேல.”