சேர்ந்து நிற்கும் படம்

"நஸீப் நானா, இன்னும் நெருங்கி நில்லுங்க. தோள்ல கையைப் போடுங்க," என்றான் படம் பிடிக்கும் தேவா.

சூடான இஸ்திரிப்பெட்டியைத் தொடுவதுபோல, நஸீப் றிப்தாவின் தோளில் கையை வைத்தார்.

பேராதனைப் பூங்காவில் படத்துக்காக மாற்றிய மூன்றாவது உடுப்பு இது. றிப்தாவுக்கு நியூசிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை கிடைத்துவிட்டது. வாழ்க்கைத்துணைக்கான விசாவில் நஸீபும் போக வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து நிற்கும் படங்களைக் காட்ட வேண்டும். கையில் ஒன்றுகூட இல்லை.

தேவா நஸீபை ஓரமாக அழைத்துப் போனான்.

"பயப்படாதீங்க நானா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். விசாவுக்காகப் புருசன் பொஞ்சாதியா நடிக்கிறவங்க எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். ஆனா இப்படி வெறைச்சு நின்னா மாட்டிக்குவீங்க. அவங்களுக்குப் புடிச்ச கலராவது தெரியுமா?"

நஸீப் றிப்தாவின் உடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"உம்மா! வாப்பா! பசிக்கிது!"

புல்வெளியிலிருந்து மூன்று பிள்ளைகள் ஓடிவந்து இருவர் மேலும் விழுந்தார்கள்.

தேவா கமராவை இறக்கினான். "நெசமாவே கல்யாணம் முடிச்சவங்களா?"

"பதிமூணு வருசம்," என்றார் நஸீப். "கலியாணத்துல ஆம்புளைங்க ஒரு வீட்டுல, பொம்புளைங்க ஒரு வீட்டுல. அதுக்குப் பொறகு இவவையும் புள்ளைகளையும் படம் எடுத்ததெல்லாம் நான்தான். நான் எந்தப் படத்துலயும் இல்ல."

றிப்தா கணவரின் கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, விசாவுக்குப் பத்துப் படம் போதும். நீங்க அம்பது எடுங்க."