விடுமுறை மயக்கம்

“பத்து நிமிஷத்துல தூங்கிட்டா, பாருங்க” என்றாள் சிஸ்டர், டாக்டரிடம்.

மூன்றாம் கட்டிலில் பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய மருமகள், சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் மயக்கம் என்று அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது என்ன அழுகை அழுதாள்! மாமாவுக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று நாலு தடவை கேட்டாள். ஈசிஜி, பிரஷர், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறது, எதற்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

“பெத்த அப்பனா இருந்தா தூக்கம் வருமா?”

களைப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் தன் அறைக்குப் போய்விட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

சிஸ்டருக்கோ பதினெட்டு வருஷம். அந்த அவசர சிகிச்சை கிளினிக்கில் எந்த மாதம் எந்த வியாதி வரும் என்று அவளுக்கு அத்துப்படி. மழை பிடித்தால் காய்ச்சல். குளிரில் இளைப்பு. வெயிலில் வாந்தி பேதி. பரீட்சை வாரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுவலி.

பெரிய விடுமுறை தொடங்கிவிட்டால் கிளினிக் காற்று வாங்கும். அப்போது வருவது வயசானவர்கள் மட்டும்தான். மூச்சு வாங்குகிறது, ரெண்டு நாள் வைத்திருங்கள் என்று விட்டுவிட்டுக் குடும்பம் சுற்றுலா கிளம்பிவிடும். போன வருஷம் ஒரு கிழவியை அப்படி விட்டுப் போனார்கள். மூன்று நாள் அவர்கள் போனை எடுக்கவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் கிழவி தலையைத் தூக்கிப் பார்த்ததை சிஸ்டரால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் இந்த மருமகள் மேல் காலையிலிருந்தே ஒரு கண் வைத்திருந்தாள். கைப்பையை மடியை விட்டு இறக்கவே இல்லையே, நழுவப் பார்க்கிறாளோ?

கம்ப்யூட்டரில் பெரியவரின் பழைய வருகைகளைத் தேடினாள். மூன்று வருஷமாக வந்திருக்கிறார். மூன்று முறையும், இன்றைக்குப் போலவே, பெரிய விடுமுறையின் முதல் நாள். மூன்று முறையும் மயக்கம். ஒன்றுமில்லை என்று மூன்று முறையும் சாயங்காலம் அனுப்பியிருக்கிறார்கள். இடையில் ஒரு சளிக்குக்கூட வந்ததில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, போலீஸ் வேலை ஆரம்பிச்சாச்சா?”

“மயக்கம் தேதி பார்த்து வருமாடி?”

மாத்திரையைக் கூடக் குறையக் கொடுக்கிறாளோ? வேறு எதையாவது கலந்து கொடுக்கிறாளோ? முதியோர் பாதுகாப்பு அலுவலகத்தின் எண் சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு போன் போட்டால் மதியத்துக்குள் ஆள் வந்துவிடும். மருமகள் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். சிஸ்டர் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியவரின் தலையணைக்கடியில் ஒரு போன் அதிர்ந்தது. காலையில் மருமகள் கையில் பார்த்த அதே போன். அவர் கண்ணைத் திறக்காமலே கையை விட்டு அதை அணைத்தார்.

முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

“ஐயா, பயப்படாம சொல்லுங்க. காலைல உங்களுக்கு என்ன கொடுத்தா?”

பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார். “டீ.”

“அதுல என்ன போட்டா?”

“சர்க்கரை. அதுவும் கம்மி.”

“விளையாடாதீங்க. இதோ நம்பர். ஒரு போன் போட்டா இவளை விசாரிக்க ஆள் வந்துரும்.”

பெரியவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

“மெதுவாப் பேசுங்கம்மா.”

லீவு விட்டதும் அவருடைய மூன்று பெண்களும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார்களாம். மொத்தம் பதினாலு பேர். பத்து நாளும் ஒருத்தர்கூடக் கூடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். இவள் ஒருத்திதான் அடுப்படியில். கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்களேன் என்று அவர் ஒரு தடவை வாயைத் திறந்தார். அப்பாவை இவள்தான் தூண்டிவிட்டாள் என்று பழி இவள் மேல் விழுந்தது.

“ஓஹோ. வேலைக்குப் பயந்துக்கிட்டு உங்களை நோயாளியாக்கி இழுத்துட்டு வந்துட்டாளா?”

“ஐயையோ, அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரிஞ்சா வரவே மாட்டா.”

“அப்போ மயக்கம்?”

அவர் பதில் சொல்வதற்குள் டாக்டர் அறையிலிருந்து குரல் கொடுத்தார். ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதாம், பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம்.

பெரியவர் அவசர அவசரமாகப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

“நாலு மணி வரைக்கும் எனக்கு மயக்கம் தெளியலைன்னு சொல்லிடுங்கம்மா. வீட்டுல இருக்கிற வரைக்கும் அவளை உட்கார விடமாட்டாங்க. இந்தப் பத்து நாள்ல இன்னிக்கு ஒரு பகல்தான் அவ தூங்குவா.”