அப்பா சொன்ன பாடம்

"புள்ளியியல் எடு. இல்லேன்னா போகவே வேண்டாம்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். பஸ் டிப்போவில் யாருக்கு எந்த டியூட்டி என்று போடுகிற வேலை அவருக்கு. வீட்டிலும் அதே அதிகாரம்.

"நான் இலக்கியம் படிக்கிறேன்ப்பா. எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்!"

கோடை விடுமுறையில் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் ஆறு வாரம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. நாடகம், புகைப்படம், சினிமா வரலாறு, புள்ளியியல். இதில் ஒன்றை எடுக்க வேண்டும்.

நான் புகைப்படம் என்றேன்.

"வேண்டாம்."

சினிமா என்றேன்.

"அதுவும் வேண்டாம்."

நாடகம் என்று வாயைத் திறப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டு, என் லேப்டாப்பில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

சமையலறையில் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"எதையாவது எடுத்துத் தொலைடி. நீ போகணும், அவ்வளவுதான்."

நான் ஏன் போகணும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஊரில்தான் அண்ணன் இருக்கிறான். பிடித்தவளைக் கட்டிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. வீட்டில் அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அம்மா குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான் அவனோடு போனில் பேசுவாள். போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த சேதியும் அப்படித்தான் வந்தது.

"அந்தக் குட்டியை எனக்கும் சேர்த்துத் தூக்கிக்கோடி," என்றாள். "என் கை பரபரங்குது. இந்த ஜென்மத்துல நான் எங்கே பாக்கப் போறேன்!"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனோடு அடித்துப் பிடித்துச் சண்டை போட்டு எத்தனை நாளாச்சு! இங்கே நாங்கள் ரெண்டு பேரும் ஏங்கிச் சாகிறோம், இந்த மனுஷனுக்கு வீம்பு ஒன்றுதான் குறைச்சல்.

விறுவிறுவென்று கூடத்துக்குப் போனேன்.

"உங்களுக்கு மனசே கிடையாதாப்பா? யாருக்கு எது பிடிக்கும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? அண்ணனையும் இப்படித்தான்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். போச்சு, பயணமே போச்சு!

அப்பா கத்தவில்லை. எழுந்து போகவுமில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இங்கே பாரு. மத்த மூணுக்கும் சனி, ஞாயிறுல வகுப்பு வெச்சிருக்காங்க. இதுக்கு மட்டும்தான் ரெண்டு நாளும் லீவு."

"அந்த லீவை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ணப் போறேன்?"

அவர் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

"உங்க அண்ணனுக்கும் அந்த ரெண்டு நாள்தாம்மா லீவு. அவன் வீட்டுல போய் இரு. குழந்தை யார் சாயல்னு நல்லா பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."