வந்து போனது யாரு?

“சுண்டை வத்தலா டீச்சர்? வாசமே இல்லையே!” என்று லலிதாம்பாள் தீப்பெட்டியை மூக்கோடு ஒட்டிவைத்து ஓர் இழு இழுத்தார்.

“வெள்ளாட்டுப் புழுக்கைம்மா,” என்றார் ஐரின் டீச்சர்.

அப்புறம் லலிதாம்பாள் குழாயடியில் மூக்கைத் தேய்த்துக் கழுவிய அழகைத் திருநகரில் எங்கள் தெருவே பார்த்தது. பார்க்காதவர்களுக்கு நாங்கள் போய்ச் சொன்னோம்.

ஐரின் டீச்சர் லலிதாம்பாள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர். சனிக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளைக் கேபிள் டிவியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் இயற்கை வகுப்பு நடத்துவார். சித்திரைக்கு வேப்பம்பூ, ஐப்பசிக்கு மரவட்டை என்று சார்ட்டில் மாதச் சக்கரம் வரைய வைப்பார். இலையில் சாயம் தடவி அச்சுப் போடச் சொல்வார். அதுவரைக்கும் சரி.

இந்த மாசியில் புதிதாக ஒரு விளையாட்டு. பெயர், ‘வந்து போனது யாரு?’ இருபது தீப்பெட்டி, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றின் எச்சம். எதனுடையது என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். விடையும், எடுத்த மாதமும் இடமும் பெட்டிக்கு அடியில் இருக்கும். கொண்டுவந்த பிள்ளை மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

வௌவால், ஓணான், முயல், பல்லி. சொல்லும்போதே குமட்டுகிறது.

மூக்கைக் கழுவப் போன லலிதாம்பாள் வெறுங்கையோடு திரும்பவில்லை. தாம்பாளம் நிறையத் தட்டையோடு வந்தார். கல்யாண வீடுகளுக்கெல்லாம் ஆர்டர் எடுத்துச் சுடுகிற கை. கூட்டம் சேர்க்க அது போதாதா? ஆளுக்கு இரண்டாய் எடுத்துக்கொண்டு மாடிப்படியை நிறைத்தோம்.

“எள்ளு தூக்கலா இருக்கே லலிதாக்கா,” என்றாள் எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு, மூன்றாவதைக் கடித்தபடி.

“பொருளப் போட்டாத்தான்டி ருசி.”

டீச்சர் மட்டும் தாம்பாளத்தைத் தொடவில்லை. “தவக்காலம்மா. பலகாரத்த விட்டிருக்கேன்,” என்றார். முந்தாநாள் அவர் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தின்றதைப் பார்த்தவர்கள் எங்களில் இரண்டு பேர் உண்டு. கேட்க முடியவில்லை, வாயில் தட்டை.

“வாசல்ல குருவி எச்சம் விழுந்தாலே வீட்டைக் கழுவி விடுறவ நான்,” என்று லலிதாம்பாள் ஆரம்பித்தார். “எம்மகள பீ பொறுக்க விட்டிருக்கீங்க! அம்புட்டையும் இப்பவே சாக்கடையில கொட்டணும். இல்லைன்னா இந்த மாசமே வீட்டைக் காலி பண்ணணும். வகுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

டீச்சர் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். பிள்ளைகள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தன. நாலாம் வகுப்புப் படிக்கிற லலிதாம்பாளின் மகள் ரம்யாஸ்ரீ மட்டும் ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“இது நான் கொண்டாந்தது. தர மாட்டேன்.”

“அத எங்கிட்டக் குடுத்துரும்மா,” என்று டீச்சர் அவசரமாகக் கை நீட்டினார்.

லலிதாம்பாள் முந்திக்கொண்டு பிடுங்கித் திறந்தார். உள்ளே கறுப்பாக, பொடிசு பொடிசாக.

“த்தூ! இத எந்தக் குப்பையில பொறுக்குன?”

“கொண்டாந்தவங்க சொல்லக் கூடாதும்மா. அடியில எழுதியிருக்கு.”

“வேணாம்மா, விட்டுருங்க. நானே கொட்டிடுறேன்,” என்றார் டீச்சர்.

“நீங்க சும்மா இருங்க டீச்சர். எங்கெங்க பொறுக்க விடுறீங்கன்னு தெருவே கேக்கட்டும். படிடி சத்தமா!”

ரம்யாஸ்ரீ பெட்டியைத் திருப்பி, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலக் கணீரென்று படித்தாள்.

“எலிப்புழுக்கை. மாசி. எங்க வீட்டு எள்ளு டப்பா.”